வடக்கே போகுமுன் மாமியிடம் ஒரு கேள்வி



"லீவுக்கு எங்காவது போவோம்" என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால் போதும், வேலைகள் தாமாகவே பங்கு பிரிந்துவிடும். ஆண்கள் காரைப் பார்ப்பார்கள். எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் என்று கணக்குப் போடுவார்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படங்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுவார்கள். மற்றதெல்லாம் நம் தலையில்! சாப்பாடு, உடுப்பு, மருந்து, தொழுகை, யார் எங்கே படுப்பது, யாருக்குக் காரில் வாந்தி வரும், பெண்கள் வழியில் எங்கே இறங்கலாம்... இவையெல்லாம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஆனால் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

புத்தளத்தில் வசிக்கும் நாங்கள் அடுத்த தவணை விடுமுறையில் யாழ்ப்பாணம் போய்வர எண்ணியிருக்கிறோம். காரில் மூன்று நாள் பயணம். அதற்கு எப்படித் திட்டம் போட்டோம் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நீங்களும் ஒருநாள் அப்பக்கம் போகக்கூடும். உங்கள் வீட்டிலும் எங்கள் மாமியைப் போல ஒருவர் இருக்கக்கூடும்.

நுவரெலியாவுக்குப் போவதும் யாழ்ப்பாணத்துக்குப் போவதும் நம்மில் பலருக்கு ஒன்றல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு அந்த நாள் ஒக்டோபர் 30. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனது மாமி அன்று சோனகத் தெருவிலிருந்து கைக்குழந்தையோடு வெளிக்கிட்டவர். அந்தக் குழந்தைதான் எனது கணவரின் தங்கை. எனது கணவருக்கு அப்போது எட்டு வயது.

மாமிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், முழங்கால் வலி. மாமா 2004இல் புத்தளத்திலேயே வபாத்தானார். 2002இல் பாதை திறந்தபோது அவர் ஒருமுறை தனியாகப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கூரையில்லாத நான்கு சுவர், முற்றத்தில் பற்றை, கிணறு மட்டும் அப்படியே இருந்ததாம். மைனியின் கலியாணத்துக்கு அந்தக் காணியைத்தான் விற்றார்கள். "விற்ற காணியைப் பார்க்க நான் ஏன் போகவேணும்?" என்று மாமி பல வருடங்களாகச் சொல்லிவந்தார். இந்த முறை மகன் கேட்டபோது, "சரி, பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நாங்கள் திட்டம் போட ஆரம்பித்தோம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கில் வடகீழ்ப் பருவ மழை. வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் போவது சிரமம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடக்கும். வெளிநாட்டிலிருந்தெல்லாம் சனம் வந்து சேரும். தங்க இடம் கிடைப்பது கடினம், நகரத்தில் சில பாதைகளும் மூடப்படும். ஆகஸ்ட் லீவில் போக நினைப்பவர்கள் திருவிழாத் திகதியைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். திங்கட்கிழமை போயா வருகிற ஒரு வாரத்தை நாங்கள் தெரிவு செய்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவை ஊரிலே தொழுதுவிட்டு, சனிக்கிழமை காலையில் புறப்பட்டுத் திங்கள் மாலை திரும்பலாம்.

இனிப் பாதை. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அங்கிருந்து ரம்பேவ போய் ஏ9 வீதியில் ஏறி, மதவாச்சி கடந்து வவுனியா. பிறகு ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம். எல்லாமாக ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வரும். இடையிடையே ஊர்களும் சந்திகளும் இருப்பதால் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் சராசரி வராது. ஐந்தரை மணித்தியால ஓட்டம் என்று வையுங்கள். மாமி கால் நீட்டவும், பிள்ளைகள் இறங்கவும், சாப்பிடவும் ஒன்றரை மணித்தியாலம் சேர்த்தால் ஏழு மணித்தியாலம். சுபஹுத் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு ஆறு மணிக்குப் புறப்பட்டால் பகல் ஒரு மணிக்குப் போய்ச் சேரலாம். இருட்டோடு புறப்பட வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. புத்தளம் அநுராதபுரம் வீதியில் யானை நடமாட்டம் இருக்கிறது. திரும்பி வரும்போதும் பொழுது படுமுன் அந்தப் பாதையைக் கடந்துவிட வேண்டும்.

பெற்றோல் கணக்கும் எளிதுதான். போக வர 540, அங்கே சுற்ற 100, ஆக 640 கிலோமீற்றர். எங்கள் பழைய கார் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும். 46 லீற்றர் வேண்டும். அதை அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். உண்மையில் இந்தப் பயணத்தை 2022இலேயே பேசினோம். அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்றே நாட்கள் போயின. ஊருக்குள் ஓடவே எண்ணெய் இல்லாதபோது யாழ்ப்பாணம் எங்கே போவது? அப்படியே கிடப்பில் போய்விட்டது.

காரின் டயர், மேலதிக டயர், பிரேக், பெற்றரி, ரேடியேற்றர் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையில் பார்த்தால், கோளாறு தெரிந்தாலும் திருத்த நேரம் இராது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், எல்லோருடைய அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். "எங்கே வைத்தேன்?" என்று தேடுகிற வேலை மிச்சம்.

பெண்களுக்கு வழியில் உள்ள பெரிய பிரச்சினை மலசலகூடம். இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விடுகிறோம். பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு போய் இறங்குகிறோம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று மூன்று இடங்களைக் குறித்து, "இங்கே கட்டாயம் நிறுத்த வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வவுனியா நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் உண்டு. அதைத் தாண்டினால் இரண்டும் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பக்கம் போகும் வரை வெளியே சாப்பிட வேண்டி வந்தால் சைவக் கடைகள் இருக்கின்றன. தோசையும் இடியப்பமும் பிள்ளைகளுக்குப் போதும். நான் முதல் நாளுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொள்வேன். மாமிக்குச் சீனி போடாத தேநீர் தனி பிளாஸ்கில். மருந்துப் பை என் மடியில்.

தொழுகையில் பயணிகளுக்குக் கஸ்ர், ஜம்உ என்ற சலுகை உண்டென்பது உங்களுக்குத் தெரியும். தூரம், தங்கும் நாட்கள் பற்றிய சட்டங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டு புறப்படுங்கள். காருக்குள் இருந்துகொண்டு அதைப் பற்றித் தர்க்கிக்க வேண்டாம்!

இன்னொன்று. முகமாலைப் பக்கம் நீண்டகாலம் போர்முனையாக இருந்து, நிலமெல்லாம் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடம். வருடக்கணக்காக அகற்றி வந்திருக்கிறார்கள். ஆனாலும் எச்சரிக்கைப் பலகையையோ கட்டிய நாடாவையோ கண்டால், எந்த அவசரமானாலும் வீதியை விட்டு இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் கையோடு செய்கிற வேலைகள். இனிச் சொல்லப்போவது கொஞ்சம் பாரமானது.

என் மூத்த மகளுக்குப் பதினான்கு வயது. அவள் போட்ட பட்டியலில் பதினொரு இடங்கள் இருந்தன. கோட்டை, நூலகம், நயினாதீவு, நெடுந்தீவு, கசூரினா கடற்கரை, கீரிமலை, நிலாவரைக் கிணறு, பருத்தித்துறை என்று நீண்டது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். குறிகட்டுவானுக்குக் காரில் போய் அங்கிருந்து படகில் ஏற வேண்டும். மாமியின் முழங்காலுக்குப் படகு சரிவருமா?

பட்டியலை ஒருபக்கம் வைத்துவிட்டு மாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாமி, நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது குசினிக்கு வந்து சொன்னார். மூன்று விஷயங்கள். ஒன்று, அவருடைய உம்மா அடங்கியிருக்கிற மையவாடி. "உள்ள போகாட்டிப் பரவாயில்ல மகள். சுவருக்கு வெளிய நின்டு ஒரு ஸலாம் சொன்னாப் போதும்" என்றார். இரண்டாவது, தெருவில் அஸருக்குப் பின் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். நடக்க முடியாவிட்டாலும் காரில் இருந்தபடியே. மூன்றாவது, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு தமிழ் அக்கா. அன்று வெளிக்கிடும் நேரம் ஓடிவந்து, கைக்குழந்தைக்கென்று பால்மாவைக் கட்டிக் கொடுத்தவர். அவர் இருக்கிறாரா, இல்லையா என்று அறிய வேண்டும்.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கிணற்றைப் பற்றியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கும் இடம் பற்றிய பேச்சும் அன்றுதான் வந்தது. எனது கணவர் நகரத்தில் குளிரூட்டிய அறைகள் உள்ள ஒரு விடுதியை விசாரித்து வைத்திருந்தார். தாயின் சுகத்தை நினைத்துத்தான். மாமி கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், "என்ட ஊருல நான் காசு குடுத்துப் படுக்கிறதா?"

அதற்கு யார் என்ன பதில் சொல்வது? மீளக் குடியேறிய உறவுக்காரர் ஒருவர் ஐந்து சந்திக்குக் கிட்ட சிறிய வீடொன்று கட்டியிருக்கிறார். அவர்களோடு பேசினோம். "மாமி வாறதென்டா எங்களுக்குக் கேட்கவும் வேணுமா?" என்றார்கள். இரண்டு அறை வீடு, வெக்கையாக இருக்கும், பிள்ளைகள் பாயில் படுக்க வேண்டும். இருந்தாலும் முடிவு அதுதான். அவர்களுக்குப் பாரமாகாதபடி அரிசி, சாமான்கள், படுக்கை விரிப்பு, ஒரு மின்விசிறி எல்லாவற்றையும் நாங்களே காரில் கொண்டு போகிறோம்.

ஆகவே, பதினொரு இடங்களில் எட்டைக் கழித்தோம். மகள் முகம் கொஞ்சம் சுருங்கியது. மிஞ்சியவை மூன்று. யாழ்ப்பாணக் கோட்டை, பொது நூலகம், போகும் வழியில் ஆனையிறவு. கோட்டை போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்தார்கள். நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு, 97,000 வரையான நூல்கள் சாம்பலாகிய பின் மீண்டும் எழுந்தது. இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால் ஒரு காலையில் பார்த்துவிடலாம். அந்த நேரம் மாமி வீட்டில் ஓய்வெடுப்பார். மற்றவை அடுத்த முறைக்கு. மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடினால் மாமிக்கு வேண்டிய அந்த அஸர் நேரம்தான் முதலில் பறிபோகும்.

பயணத் திட்டம் போடும்போது எவற்றைச் சேர்ப்பது என்று யோசிக்கிறோம். எவற்றை விடலாம், யாருக்காக விடலாம் என்பதையும் முதலிலேயே பேசிவிட்டால் வழியில் முகம் கோணாது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கூட்டிப் போவது என்பது அடுத்த கவலை. ஒன்பது வயது மகன் கேட்டான், "ஏன் உம்மா, மாமாட வாப்பாட வீடெல்லாம் அங்க இருந்துதானே, ஏன் விட்டுட்டு வந்தாங்க?" மறைப்பதில் அர்த்தமில்லை. நடந்ததை வயதுக்கு ஏற்றபடி, திகதியோடு சொன்னேன். அது அநியாயம் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. அந்த நாளிலிருந்து சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யுத்தம் நெருங்கியபோது யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் போனார்கள். மழையில், நெரிசலில், கிழவர்களையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு. நாங்கள் காரில் கடக்கப்போவதும் அந்தப் பாலத்தைத்தான். மகள் சற்று யோசித்துவிட்டு, "பால்மா தந்த அக்காவும் போயிருப்பாங்களா?" என்று கேட்டாள். "போயிருக்கக் கூடும்" என்றேன். ஒரு வரலாற்றுப் புத்தகம் சொல்லிக் கொடுக்காததை அந்தக் கேள்வியே அவளுக்குச் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

அந்த ஊரின் நல்ல பக்கத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும் அல்லவா? கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை 1948 முதல் 1961 வரை அதிபராக இருந்து உயர்த்திய அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தவர். படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். முஸ்லிம் பிள்ளை ஒன்று இந்துப் பாடசாலையில் படித்து நாட்டுக்கே கல்விமானாக வந்த ஊர் அது. மாமியின் தெருவைக் காட்டும்போது இதையும் சொல்வதாக இருக்கிறேன்.

மாமியின் மூன்றாவது விருப்பத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பினோம். முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு வாசலில் திடீரென்று போய் நிற்பது சரியல்ல. அங்கே இருப்பவர் யாரோ, எந்த நிலையில் இருக்கிறாரோ? உறவுக்காரர் விசாரித்துவிட்டு அறிவித்தார். அக்கா இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. மகளோடு கோண்டாவில் பக்கம் இருக்கிறார். "சோனகத் தெரு ஆள் வருது என்டு சொன்னதும், பேரைக் கேட்காமலே, கைப்பிள்ளை சுகமா என்று கேட்டாராம்." தொலைபேசியில் இதைக் கேட்ட மாமி ஒன்றும் பேசவில்லை. தொழுகைப் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மைனியும் இப்போது வருகிறேன் என்கிறார். காரில் இடம் போதாது. என் மகன் மடியில் வரவேண்டியதுதான் என்று பேச்சு எழுந்தது. நீண்ட பாதையில் அது ஆபத்து. ஆகவே மைனி வவுனியா வழியாக பஸ்ஸில் வந்து சேர்வதாக முடிவாகியிருக்கிறது.

பழைய வீடு, காணி பார்க்கப் போகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இப்போது அங்கே இருப்பவர்கள் பலர் முறையாக வாங்கியவர்கள். அவர்களும் இடம்பெயர்ந்து அலைந்தவர்களாக இருக்கலாம். படலைக்கு முன்னால் கூட்டமாக நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் அவர்கள் மனம் பதறும், காணிக்கு ஏதும் வழக்கு வருமோ என்று. ஒருவர் மட்டும் போய் ஸலாமோ வணக்கமோ சொல்லி, "நாங்கள் முன்பு இங்கே இருந்தோம், பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்று சொன்னால் போதும். அநேகமாக உள்ளே வரச் சொல்வார்கள். கையில் ஒரு சீனிப் பலகாரப் பெட்டி கொண்டு போவதில் குறை ஒன்றுமில்லை.

திரும்பும்போது பூநகரி வழியாக வரலாமா என்றும் யோசித்தோம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து மன்னார்ப் பக்கம் போகலாம். காட்சி அழகு. ஆனால் மாமி ஏ9 வீதியாலேயே வரவேண்டும் என்கிறார். அன்று அவர்கள் லொறியிலும் நடையிலுமாக வவுனியா வந்து சேர மூன்று நாள் சென்றதாம். "அந்த றோட்டால ஒருக்கா சும்மா இருந்து வந்து பாக்கணும்" என்றார். அதற்கு மேல் வரைபடம் எதற்கு? அவ்வழியாலேயே வருகிறோம். சாவகச்சேரிச் சந்தையில் நிறுத்தி ஒடியலும் பனங்கட்டியும் பினாட்டும் வாங்குவோம். பினாட்டைப் பற்றி மாமி பேரப்பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்க்கட்டும்.

சகோதரிகளே! நமது வீடுகளில் வடக்கிலிருந்து வந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது நல்ல காரியம். அறை பதிவு செய்வதற்கு முன், பட்டியல் போடுவதற்கு முன், அவர்களிடம் தனியாக இருந்து கேளுங்கள். எதைப் பார்க்க வேண்டும்? எதைப் பார்க்க வேண்டாம்? எங்கே படுத்தால் தூக்கம் வரும்? உடனே பதில் வராது. இரண்டு நாள் பொறுங்கள். சிலர் "நான் வரமாட்டேன்" என்றே முடிக்கக்கூடும். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வற்புறுத்திக் கூட்டிப் போக வேண்டிய ஊரல்ல அது.

எங்கள் பயணப் பை இன்னும் கட்டவில்லை. மாமி மட்டும் தன் வெள்ளைச் சேலையைக் கழுவி மடித்து, அலுமாரியின் மேல்தட்டில் தனியாக வைத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ் எல்லாம் நலமாக முடிய துஆச் செய்யுங்கள். உங்கள் பயணங்களும் அவ்வாறே அமையட்டும்.